மண்ணில் பிறந்த அடியாள்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல ஆள் நிற்கிறான். உயரம் சுமார் 44 சென்டிமீட்டர்தான். நசுங்கிய தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. முறுக்கு மீசை, கூரான குறுந்தாடி. இடுப்பை ஒடித்து, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, பின்னால் ஊன்றிய தடியில் சாய்ந்திருக்கிறான். நைந்த கோட்டுக்குள் எலும்பும் தோலும்; திமிருக்கு மட்டும் குறைவில்லை. பெயர் ரடாபுவால்.

இவனைப் படைத்தவர் தொழில்முறைச் சிற்பி அல்ல. ஓவியரும் கேலிச்சித்திரக்காரருமான ஒனோரே டோமியே. அரசரைப் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக 1832இல் சிறைக்குப் போனவர்.

1848 டிசம்பரில் லூயி நெப்போலியன் பிரான்சின் அதிபராகத் தேர்வானார். மறுமுறை அதிபராகச் சட்டம் இடம் தரவில்லை; நாற்காலியை விடவும் அவருக்கு மனமில்லை. அவருக்காகத் தெருவில் கோஷம் போட்டு, எதிர்த்தவர்களைத் தடியால் மிரட்டிய கூட்டத்துக்கு டோமியே கொடுத்த முகம்தான் ரடாபுவால். 'லே ஷாரிவாரி' இதழில் அவன் திரும்பத் திரும்ப வந்தான். அதே காலத்தில் டோமியே அவனைக் களிமண்ணிலும் பிடித்து வைத்தார்.

1851 டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் ராணுவத்தை வைத்து ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு பேரரசராகவும் ஆனார். அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வாய்ப்பூட்டு. அச்சான படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. மண் பொம்மையோ ஒன்றே ஒன்று. போலீஸ் கண்ணில் படாமல் டோமியேயின் மனைவி அதை ஒளித்து வைத்ததாகச் சொல்வார்கள்.

சுடாத மண் காயக் காயச் சுருங்கும், வெடிக்கும். நல்லவேளையாக அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு எடுக்கப்பட்டது. மூல மண்ணுருவம் இன்று இல்லை. டோமியே 1879இல் இறந்தார். பிளாஸ்டரைக் கொண்டு சியோ-தெகோவில் பட்டறை வெண்கலம் வார்த்தது 1890களின் தொடக்கத்தில்தான். 1892இல் பிரெஞ்சுக் குடியரசே ஒரு பிரதியை விலைக்கு வாங்கியது. முன்பு ஒரு பிரெஞ்சு அரசுக்குப் பயந்து மறைத்த உருவம், இப்போது அரசுச் சொத்து.

வெண்கலத்தை அருகில் போய்ப் பாருங்கள். கோட்டின் மடிப்பிலும் தொளதொளத்த கால்சட்டையிலும் மண்ணை அழுத்தி இழுத்த வேகம் தெரிகிறது. அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தால் ஒரு அலங்காரப் பொம்மை கிடைத்திருக்கும். அடியாள் காணாமல் போயிருப்பான். டோமியே இதைக் கண்காட்சிக்காகச் செய்யவில்லை. கண்முன் நடந்த அராஜகத்தைப் பார்த்துச் சூட்டோடு சூடாகச் செய்தார். அந்த அவசரத்தைத் திருத்தாமல் விட்டதுதான் வார்ப்பின் வெற்றி.