ஏரி பத்திரப்படுத்திய சாம்பல்

தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவே இல்லை. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் கூடவே ஓர் ஏரியும் வரும். கோடையில் தண்ணீர் வற்றியதும் சில ஏரிகளில் தூர் வார பொக்லைன் இறங்கும். அப்போது கரையில் நின்றபடி, வெட்டிய பள்ளத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள். இறங்க மட்டும் வேண்டாம். ஏரிச் சேற்றில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. மேலே கறுப்புச் சேறும் அதில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளும் இருக்கும். அதற்குக் கீழே பழுப்பு வண்டல். நடுவில் எங்காவது மெல்லிய மணல் கோடு ஓடினால், எந்த வருடத்து வெள்ளமோ அடித்துக்கொண்டு வந்தது அது.

ஏரிக்குள் வந்து படிவது வரிசையாகப் படிகிறது. பிந்தி வந்தது மேலே, முந்தி வந்தது கீழே. இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு புவியியலாளர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. எது முந்தியது என்று அடுக்கு சொல்லும். எத்தனை ஆண்டு முந்தியது என்று கேட்டால் வாயைத் திறக்காது. எப்போது நடந்தது என்று நமக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தின் தடயம் அந்த அடுக்குகளுக்கு நடுவே இருந்துவிட்டால் கவலை இல்லை. அப்படிக் கிடைக்கும் தடயங்களில் எரிமலைச் சாம்பலை மிஞ்ச ஒன்றும் கிடையாது என்பேன். சில நாட்களிலோ சில வாரங்களிலோ பல நாடுகளில் ஒன்றாக விழுந்து படிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் முன்பு, மேலே இருப்பதெல்லாம் பின்பு.

நமக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வடமேற்கே, நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திரத்தின் பழைய கர்நூல் மாவட்டத்தில் ஜ்வாலாபுரம் என்ற சிற்றூர். பக்கத்தில் ஜுர்ரேறு என்ற சிறிய ஆறு. அந்த ஊரில் மண்ணுக்கடியில் வெள்ளை வெளேரென்று ஓர் அடுக்கு இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது விற்பனைச் சரக்கு. சுத்தம் செய்யும் தூள் தயாரிக்க அதைத் தோண்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். கறை தேய்த்து எடுக்க அவ்வளவு நல்ல பொருள் ஏன் அது? பதில் பின்னால் வருகிறது.

அந்த வெள்ளைத் தூள் ஆந்திரத்தில் உண்டானது அல்ல. அங்கே எரிமலை ஏதும் வெடிக்கவில்லை. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானிலுள்ள பாரன் தீவு ஒன்றுதான். இந்தச் சாம்பல் அங்கிருந்தும் வரவில்லை. அதன் பிறப்பிடம் இன்னும் தெற்கே, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள தோபா. இன்று அங்கே போனால் வெடித்த மலையைப் பார்க்க முடியாது, பெரிய ஏரியைத்தான் பார்ப்பீர்கள். நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் சுமார் 30 கிலோமீட்டர். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் தோபா வெடித்தபோது அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்தது. தாங்க ஆளில்லாத தரை உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஏரியானது.

வெளியே வந்த பாறைக்குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். அந்தக் குழம்பைக் கன்னியாகுமரியிலிருந்து திருத்தணி வரை சமமாகப் பரப்பினால் 21 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஏழு மாடி. மனித இனம் பூமியில் இருந்த காலத்தில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் இதுவும் ஒன்று.

எரிமலைச் சாம்பலில் எரிந்துபோனது எதுவுமே கிடையாது. விறகும் இல்லை, கரியும் இல்லை. கோலி சோடாவை நன்றாகக் குலுக்கிவிட்டுக் கோலியை உள்ளே தட்டினால் என்ன ஆகும்? அதுவரை அடங்கிக் கிடந்த வாயு குமிழ் குமிழாகக் கிளம்பி, திரவத்தையும் இழுத்துக்கொண்டு பீறிடும். பாறைக்குழம்பிலும் நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்திருக்கின்றன. மேலே அழுத்தம் குறைந்ததும் குழம்பு நுரைத்துப் பொங்குகிறது. ஆகாயத்துக்கு வந்த நுரை நொடியில் குளிர்ந்து கண்ணாடியாகி, சுக்குநூறாக உடைகிறது. அந்த உடைசல்தான் சாம்பல். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வளைந்த சில்லுகள் தெரியும். உடைந்த குமிழிகளின் சுவர்கள் அவை. மூன்று குமிழிகள் ஒட்டியிருந்த இடம் மூன்று கிளை விட்ட சில்லாக இருக்கும். கறை ஏன் போகிறது என்று இப்போது தெரிந்ததா? அந்தத் தூள் முழுக்கக் கூர்மையான கண்ணாடிப் பொடி.

நுண்ணிய சில்லுகள் காற்றேறி 2,600 கிலோமீட்டர் கடந்து ஜ்வாலாபுரத்துக்கு வந்தன. வழியில் இருந்த நம் ஊர் மேலும் அவை விழாமல் போயிருக்க வழியே இல்லை. ஆனால் திறந்த வெளியில் விழுந்த சாம்பல் நிலைக்காது. காற்று அள்ளிக்கொண்டு போகும், மழை கரைத்து ஓடைக்குள் தள்ளும், ஓடை கடலில் சேர்த்துவிடும். ஜ்வாலாபுரத்தில் அது தப்பியது, அன்று அங்கே ஆழமில்லாத ஏரி ஒன்று இருந்ததால்தான். வானிலிருந்து நேராக விழுந்தது சில சென்டிமீட்டர் கனம்தான். பிறகு சுற்றியிருந்த சரிவுகளில் படிந்ததை மழை அடித்து அதே ஏரிக்குள் கொண்டுவந்து கொட்டியது. அதனால் சாம்பல் அடுக்கு இரண்டரை மீட்டர் கனம் ஆகிவிட்டது. பிறகு அதன் மேல் மண் மூடியது.

இது தோபாச் சாம்பல்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? வெள்ளையாக இருப்பதெல்லாம் தோபா ஆகிவிடாதே! ஒவ்வோர் எரிமலையின் குழம்பிலும் சிலிக்கா, பொட்டாசியம், இரும்பு, கால்சியம் முதலியவை கலந்திருக்கும் விகிதம் வேறு. ஒரே மலையின் இரண்டு வெடிப்புகளுக்கு இடையில்கூட அந்த விகிதம் மாறலாம். ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அது வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். வயதுக்கு வேறு வழி. குழம்பிலேயே பிறந்த படிகங்களில் பொட்டாசியத்தின் ஒரு வகை மிக மெதுவாக ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து ஆண்டைக் கணக்கிடுகிறார்கள்.

இப்படித் தேடத் தேட அதே சாம்பல் பல இடங்களில் அகப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றங்கரையில் இருப்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வங்கக் கடலின் தரையிலும், அரபிக் கடலிலும், தென் சீனக் கடலிலும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் கிடைத்ததுதான். அது தோபாவிலிருந்து 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது கண்ணுக்குத் தெரியாத அளவே. ஏரித் தரையில் குழாயை இறக்கிச் சேற்றை நீளத் தண்டாக வெளியே எடுத்தார்கள். அதைச் சிறு சிறு துண்டாக்கிச் சலித்தார்கள். பிறகு ஓர் உபாயம். மணல்துகளைவிடக் கண்ணாடிச் சில்லு கொஞ்சம் லேசானது. தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான ஒரு திரவத்தில் இரண்டையும் போட்டால் மணல் அமிழும், சில்லு மிதக்கும். மிதந்ததைப் பொறுக்கி எடுத்துச் சோதித்தார்கள். தோபா! 2013இல் முடிவு வெளியானது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். 1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது உலகத்தின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. தோபாவுக்கு முன் பினாடுபோ ஒரு பொடியன். அப்படியானால் தோபாவுக்குப் பிறகு பூமி எத்தனை ஆண்டு நடுங்கியிருக்கும்? மனித இனமே சில ஆயிரம் பேராகக் குறைந்து, மயிரிழையில் தப்பியது என்று 1998இல் ஸ்டான்லி ஆம்ப்ரோஸ் என்ற அறிஞர் எழுதினார். வங்கக் கடல் சேற்றிலுள்ள மகரந்தத்தை ஆராய்ந்த குழு ஒன்று, தோபாவுக்குப் பின் நடு இந்தியாவில் காடு குறைந்து புல்வெளி பரவியதாகச் சொன்னது.

ஆம்ப்ரோஸ் சொன்னதை மறுத்தவர்கள் ஜ்வாலாபுரத்தில் தோண்டியவர்கள். தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டரும், அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த மைக்கேல் பெட்ராக்லியாவும் அவர்கள் குழுவினரும் 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாம்பல் அடுக்குக்குக் கீழே கல் கருவிகள். சாம்பலுக்கு மேலேயும் கல் கருவிகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாணி. செய்தவர்கள் அழிந்து போயிருந்தால், அதே கைவேலை எப்படித் தொடரும்? மலாவி ஏரிச் சேற்றிலும் கடுங்குளிரின் அடையாளம் தென்படவில்லை. எதிர்க்கட்சி இன்னும் ஓயவில்லை. ஜ்வாலாபுரத்தில் கருவி செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் யார் என்பதிலும் தகராறு இருக்கிறது. என் ஓட்டு தப்பிப் பிழைத்தார்கள் என்ற பக்கத்துக்கே.

சரி, சிட்லபாக்கம் ஏரியைத் தோண்டினால் தோபா கிடைக்குமா? கிடைக்காது. நம் ஏரிகள் இயற்கை போட்டவை அல்ல, மனிதர் கட்டியவை. ஒரு பக்கம் கரை எழுப்பி, மதகும் கலங்கலும் வைத்து மழைநீரைத் தேக்கியவை. தொண்டை மண்டலத்தில் பல்லவர், சோழர் காலங்களிலேயே இப்படி ஏரிகள் வெட்டினார்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு. 74,000 எங்கே, இது எங்கே! போதாததற்கு ஏரி கோடையில் காய்ந்து வெடிக்கும், மாடு மிதிக்கும், புழு துளைக்கும். அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே கூடி வண்டலை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டார்கள். ஏரிக்கு அது நல்லது, பயிருக்கும் நல்லது. அடுக்குப் படிக்க வருபவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

அவர்கள் கனவு காணும் ஏரி ஜப்பானில் இருக்கிறது. சுய்கெட்சு என்று பெயர். சுற்றி மலைகள், பெரிய ஆறு எதுவும் நேராக வந்து விழுவதில்லை. அடித் தண்ணீரில் பிராணவாயு இல்லாததால் புழுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு வெளிர்க் கோடு, ஒரு கருங்கோடு என்று கலையாமல் படிந்துகொண்டே வந்திருக்கிறது. 45 மீட்டர் சேற்றில் ஏறக்குறைய 70,000 ஆண்டுகளின் கோடுகள், நடுநடுவே ஜப்பானிய எரிமலைகளின் சாம்பல். மரத்தின் வளையங்களை எண்ணுவார்களே, அந்த வேலையை அங்கே சேற்றில் செய்கிறார்கள்.

தாம்பரத்துக்கு எரிமலையோடு உறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தது. அடுத்த மாதம் சென்னையில் சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் பச்சையாகத் தெரிந்தது! வானத்தின் உயரே பரவிய மிக நுண்ணிய துகள்கள் சூரிய ஒளியின் நிறங்களைக் கன்னாபின்னாவென்று சிதறடித்ததால் வந்த வேடிக்கை அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைமானியை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்து எழுதினார். கொடைக்கானல் வானாய்வகத்தை அமைத்தவரும் இவரே. அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த அந்தக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. மின்சார ரயிலில் போகும்போது தண்டவாளத்துக்குக் கிழக்கே மரங்கள் அடர்ந்து தெரியுமே, அதுதான்.

ஜ்வாலாபுரத்துக்கும் நம் பக்கத்துக்கும் இடையே உறவு சொல்ல ஓர் ஆளும் இருக்கிறார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று அடையாளம் கண்டார். இந்தியாவின் பழைய கற்காலம் வெளிச்சத்துக்கு வந்தது அந்தக் கல்லால்தான். இருபது ஆண்டுகள் கழித்து அவரே தன் மகனோடு கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டினார். ஜ்வாலாபுரம் இருப்பதும் அதே வட்டாரத்தில்தான்.

பூட் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. விடுமுறையில் தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள், அங்கிருந்து நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.