ஏலக்காய் மலை ஏறும்போது கேட்க... 7 கலகக் குரல்கள்!

சினிமாவுக்கு வெளியே ஒலிக்கும் ராப், பங்க் பாட்டுகள்: ஒரு பரிந்துரைப் பட்டியல்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே போடிநாயக்கனூரில் ஜீப்கள் வந்து நின்றுவிடும். தூக்குச்சட்டியும் தலைக்குக் கட்டத் துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்கள். வளைவுக்கு வளைவு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இளையராஜா. அதில் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆனாலும், டி.வி-யிலும் எஃப்.எம்-மிலும் அதிகம் காதில் விழாத சில பாட்டுகளும் அந்தப் பயணத்துக்குப் பொருத்தமானவை. அத்தனையும் ராப், ஹிப் ஹாப், பங்க் வகை. ``அதெல்லாம் அமெரிக்கக்காரன் சமாச்சாரமாச்சே... நம்ம ஊருக்கு எதுக்கு?'' என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

பெயர் சொல்லும் பாட்டு

போடியில் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரிக்கும் ஏலக்காயில், பருமனும் பச்சையும் கூடிய காய்க்குச் சந்தையில் `ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்று பெயர். விளைந்தது இடுக்கி மலையில். தரம் பிரித்தது போடியில். பெயர் மட்டும், அந்தக் காலத்தில் ஏலக்காய் வணிகம் நடந்த ஆலப்புழைக்கு! காயைப் பறித்த கையின் பெயரும், பொறுக்கிய கையின் பெயரும் எந்த மூட்டையிலும் இருக்காது.

ராப் இதற்கு நேரெதிர். பாடுகிறவர் பாட்டுக்குள்ளேயே தன் பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், தெருவைச் சொல்வார், பாட்டியின் பெயரைக்கூடச் சொல்வார். 1973 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையான டி.ஜே.கூல் ஹெர்க் நடத்திய ஒரு விருந்திலிருந்து ஹிப் ஹாப்பின் கதையைத் தொடங்குவார்கள். யாரும் கண்டுகொள்ளாத ஏழைத் தெருக்களின் பிள்ளைகள், `நான் இருக்கிறேன்' என்று சத்தமாகச் சொன்னதுதான் அது. தமிழ் ராப்பும், பிழைப்புக்காகவோ உயிருக்கு அஞ்சியோ ஊரைவிட்டுப் போனவர்களின் வழிவந்தவர்களால்தான் பெரிதும் வளர்ந்தது. தினமும் மலையேறிப் பிழைக்கும் ஊருக்கு அது அந்நியமாக இருக்க முடியுமா?

முன்னோடி நம்ம பக்கத்து ஊர்!

பட்டியலுக்கு முன் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால் பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜனின் ஊரும் அதுதான். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில், ஜனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் தன் வரிகளை ஏற்றிப் பாடியவர் பாவலர். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாட்டு மலை மலையாக ஒலித்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்ததில் அந்தப் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

இருக்கிற மெட்டை எடுத்து, தன் சேதியை ஏற்றி, மைக்கைப் பிடித்துப் பாடுவது. ராப் பாடகர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆகவே, இனி வரும் பெயர்களை அசலூர் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம்.

1. வல்லவன் (2006) - யோகி பி & நட்சத்ரா

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர், ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள். அந்த மண்ணின் யோகி பி, 1990-களில் `பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில் பல மொழிகளில் ராப் பாடியவர். பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட தமிழ் ஆல்பம்தான் `வல்லவன்'. தமிழில் ராப் பாடினால் எடுபடுமா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. `நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த `மடை திறந்து' பாட்டின் மேல் கட்டிய ராப்பிலிருந்து தொடங்குங்கள். பண்ணைப்புரத்துக்காரரின் மெட்டு கோலாலம்பூர் போய், வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்ததுபோல இருக்கும். குடும்பத்தோடு கேட்க ஏற்ற தொடக்கம் இது.

2. காலா (2007) - எம்.ஐ.ஏ.

மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் லண்டனுக்கு அகதியாகப் போனவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: `அருளர்'. இரண்டாவதற்கு அம்மாவின் பெயர்: `காலா'. உலக அளவில் கொண்டாடப்பட்ட ஆல்பம்தான், ஆனால் நம் ஊர் டீக்கடைகளில் ஒலித்திருக்க வாய்ப்பில்லை. `பேர்ட் ஃப்ளூ' பாட்டைக் கேளுங்கள். ஆங்கில ராப்புக்கு அடியில் அதிர்வது உறுமி! தேனிப் பக்கக் கோயில் திருவிழாவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அதிர்வை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் பாட்டான `பாம்பூ பாங்கா'வில் `தளபதி' படத்தின் `காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தாளப்பட்டிருக்கிறது. மறுபடியும் இளையராஜா!

3. தெருக்குரல் (2019) - அறிவு & ஆஃப்ரோ

திருக்குறளை நினைவூட்டும் தலைப்பு, தெருவிலிருந்து வரும் குரல். அரக்கோணத்துக்காரரான அறிவு, சாதியையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்டு எழுதிய வரிகளுக்கு ஆஃப்ரோ இசையமைத்த ஆல்பம். `கள்ள மௌனி', `ஆன்டி இண்டியன்' இரண்டையும் தவறவிடாதீர்கள். கோபம் இருக்கும். ஆனால் அது யோசிக்கவைக்கும் கோபம். உங்களுக்கு உடன்பாடில்லாத வரியும் வரலாம். வரட்டும், பிள்ளைகளோடு பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை இப்படிக் கப்பலேற்றியது. அறிவின் பிந்தைய ஆல்பத்தின் பெயரே `வள்ளியம்மா பேராண்டி'. தோட்டத்து ரிஜிஸ்டரில் ஒரு எண்ணாகப் போயிருக்கக்கூடிய பெயர், பேரனின் ஆல்பத்துக்குத் தலைப்பானது.

4. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் (2018)

இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் டென்மாவுடன் உருவான குழு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதரின் `சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். வடசென்னைக் கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பறையும் சட்டியும் கிட்டாரும் போட்டி போடும். கானாவில் கலக்கும் இசைவாணியின் குரலுக்காகவே தனியாகக் கேட்கலாம். பி.பி.சி-யின் 2020-ம் ஆண்டு 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் போட்டாலும் கூட்டம் ஆடும்!

5. கொடைக்கானல் வோன்ட் (2015) - சோஃபியா அஷ்ரஃப்

இது ஆல்பம் அல்ல, ஒரே ஒரு பாட்டு. ஆனால் நம் பக்கத்து மலையின் பாட்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய சாமான் கடைக்குப் போனது தெரியவந்து, 2001-ல் ஆலை மூடப்பட்டது. நடத்தியது ஹிந்துஸ்தான் லீவர். தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நியாயம் கேட்டுக் காத்திருந்தார்கள். சென்னையைச் சேர்ந்த சோஃபியா, நிக்கி மினாஜின் பிரபலமான `அனகோண்டா' பாட்டின் மெட்டில் இவர்கள் கதையை ஆங்கில ராப்பாக ஏற்றி, 2015 ஜூலை இறுதியில் யூடியூபில் வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. 15 வருடப் போராட்டம் சாதித்தது. ஆனால், அந்தப் போராட்டத்தை உலகத்தின் காதில் போட்டது பாட்டுதான்.

பாட்டு வெளியான சில வாரங்களில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொன்ன அந்தப் `பெம்பிளை ஒருமை' போராட்டத்தையும் இந்தப் பாட்டோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

6. மேட் இன் ஜாஃப்னா (2021) - ஷான் வின்சென்ட் டி பால்

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் ஷான். ஊரை இழந்தவரின் வலியும் திமிரும் கலந்த ஆங்கில ராப். இதற்கு முன், மிருதங்கக் கலைஞர் யாஞ்சனோடு சேர்ந்து அவர் செய்த `மிருதங்கம் ராப்ஸ்' வீடியோக்களைப் பாருங்கள். மிருதங்கச் சொற்கட்டும் ராப்பின் வேகமும் ஒன்றையொன்று துரத்தும். கச்சேரி கேட்கும் தாத்தாவும் காதில் ஹெட்போனோடு திரியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து தலையாட்ட வாய்ப்புள்ள இடம் இது. ஆல்பத்தில் சில கரடுமுரடான சொற்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் முன் பெரியவர்கள் கேட்டுவிடுவது நல்லது.

7. பேட் பிரெய்ன்ஸ் (1982)

கடைசியாக ஒரு காரமான அயிட்டம். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது பங்க். `மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறு' என்பதே அதன் மனோபாவம். அதை இன்னும் வேகமாக்கி, இன்னும் சத்தமாக்கினால் ஹார்டுகோர். வாஷிங்டனைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்களின் குழு பேட் பிரெய்ன்ஸ். முதல் ஆல்பம் அப்போது கேசட்டில் மட்டுமே வெளிவந்தது. பல பாட்டுகள் இரண்டு நிமிடம்கூட ஓடாது. ஒரு கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பாட்டு முடிந்துவிடும்! நடுநடுவே திடீரென்று நிதானமான ரெகே வரும்.

அதே வாஷிங்டனில் 1980-ல் சில இளைஞர்கள் `டிஸ்கார்ட்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கடையில் வாங்கிய ரெக்கார்டு உறையைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் வெட்டி, மடித்து, ஒட்டித் தங்கள் ரெக்கார்டுக்கு உறை செய்தார்கள். நம் ஊரில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகம் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்றவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய கம்பெனி கதவைத் திறக்கும்வரை காத்திருக்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பெயர் விடுபட்டால்?

2021 மார்ச்சில் வந்த `எஞ்சாயி எஞ்சாமி' தெரியாதவர் யார்? அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. நிலமில்லாமல் உழைத்த முன்னோர்களின் கதை. அதே ஆகஸ்ட்டில் `ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா.இரஞ்சித் உட்படப் பலரும் கேள்வி கேட்க, பிறகு அறிவு இடம்பெற்ற டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். ஊரே பாடிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஊர் அறியாத பாட்டுகளுக்கு?

அதனால், கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் செய்யலாம்.

* பாட்டை யாரோ எடுத்துப் போட்ட சேனலில் கேட்காமல், பாடியவரின் சொந்த சேனலிலேயே கேளுங்கள்.

* வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும்போது பாடியவர், எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

* `பேண்ட்கேம்ப்' போன்ற தளங்களில் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கினால், பணத்தின் பெரும்பகுதி கலைஞருக்கே போகும்.

* மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். முந்தலுக்கு முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காய் எடுக்கும்போதும் களை வெட்டும்போதும் பாடத் தெரிந்த அப்பத்தாவோ அம்மாச்சியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள். ஃபைலுக்கு `ஆடியோ 17' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பாடியவர் பெயர், ஊர், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதையும் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். நாளைக்குப் பேரனோ பேத்தியோ அதன் மேல் ஒரு ராப்பைக் கட்டும்போது, முதல் வரியில் சொல்ல ஒரு பெயர் வேண்டுமல்லவா?