பயிர் இன்ஷூரன்ஸ்: மத்திய அரசு எதைச் செய்கிறது? மாநிலம் எதைச் செய்கிறது?

ஒரே மழையில் இரு உழவர்களின் நெல் சாய்கிறது. ஒருவருக்கு இழப்பீடு வருகிறது. வரப்புக்கு அப்பால் அடுத்த மாநிலத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு வருவதில்லை. இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம்.

நமது அரசியல் சட்டத்தில் இன்ஷூரன்ஸ் மத்தியப் பட்டியலிலும், வேளாண்மை மாநிலப் பட்டியலிலும் உள்ளன. ஆகவே கம்பெனிகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையம். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளை வகுப்பது மத்திய அரசு. ஆனால் எந்தப் பயிர், எந்தக் கிராமம், எந்தக் கம்பெனி, கடைசித் தேதி எது என்று அறிவிப்பது மாநில அரசே. மாநில ஒருங்கிணைப்புக் குழு இவற்றை முடிவு செய்கிறது. மாநிலம் திட்டத்தில் சேராமலும் இருக்கலாம். பீகார் 2018இல் விலகித் தனித் திட்டம் கண்டது. குஜராத் 2020இல் விலகியது. ஆந்திரம் விலகி, 2022இல் மீண்டும் சேர்ந்தது.

உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் உழவர் செலுத்துவது காரிப் பருவத்தில் 2 சதம், ரபியில் 1.5 சதம், பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 சதம். மீதிப் பிரீமியத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் இரு அரசுகளும் சமமாக ஏற்கின்றன. மாநிலப் பங்கு தாமதமானால் இழப்பீடும் தாமதப்பட்டதுண்டு; இது உழவரின் தவறன்று.

இழப்பீடு கணக்கிடும் முறையைத்தான் பலரும் அறிவதில்லை. உங்கள் வயலை மட்டும் பார்த்து அது தரப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் அறுவடைச் சோதனை செய்து கிடைக்கும் சராசரி மகசூலே அடிப்படை. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி ஏக்கருக்கு 2,000 கிலோ, காப்பு அளவு 80 சதம் என்று கொள்வோம். உத்தரவாத மகசூல் 1,600 கிலோ. இவ்வாண்டு 1,200 கிலோ கிடைத்தால் குறைவு 25 சதம். காப்புத் தொகை ரூ.32,000 எனில் இழப்பீடு ரூ.8,000. உங்கள் வயலில் ஒரு மணிகூடத் தேறாவிட்டாலும் கணக்கு இதுதான். கசப்பானாலும் உண்மை.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு ஆகியவற்றுக்கும், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயல்மழையில் கெடுவதற்கும் தனி வயல் அளவில் இழப்பீடு உண்டு. ஆனால் மாநிலம் அப்பிரிவைத் தேர்ந்திருக்க வேண்டும். சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தலும் வேண்டும்.

2020 காரிப் பருவம் முதல் கடன் பெற்றவருக்கும் இது கட்டாயமில்லை. வேண்டாமெனில் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்வதானால், விதைக்குமுன் உங்கள் கிராமமும் பயிரும் அவ்வாண்டு அறிவிக்கையில் உள்ளனவா என்று வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டறியுங்கள்; பிரீமியம் கட்டிய ரசீதில் சர்வே எண்ணும் பரப்பும் அடங்கலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள்.