கார் கிளப் நிகழ்ச்சிகளில் பக்கத்து சீட்டில் நண்பர் உட்காரலாமா? அமெரிக்காவில் விதிகள் என்ன சொல்கின்றன?

"ஒரே ஒரு ரவுண்டு, நானும் கூட வரட்டுமா?" அமெரிக்காவில் கார் கிளப்கள் வார இறுதியில் நடத்தும் நிகழ்ச்சிகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சில இடங்களில் ஹெல்மெட்டைக் கொடுத்து ஏற்றிக்கொள்வார்கள். சில இடங்களில் கூடவே கூடாது என்பார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில், எல்லா நிகழ்ச்சியும் ஒரே மாதிரி கிடையாது. ஆட்டோகிராஸ் என்பது காலி பார்க்கிங் இடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துப் பாதை அமைத்து, இடைவெளி விட்டு ஒவ்வொரு காராக ஓட்டும் போட்டி. வேகம் நெடுஞ்சாலை அளவைத் தாண்டாது. முந்துவது என்ற பேச்சே இல்லை. எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் விதிப்படி, ஒரு கூம்பைத் தட்டினால் நேரத்தில் 2 விநாடி கூடும், அவ்வளவுதான்.

இங்கே பக்கத்து சீட் பயணியை கிளப்களே விரும்புகின்றன. புதிதாக வருபவருக்கு எங்கு பார்த்தாலும் கூம்புகளாகத் தெரியும், பாதை புரியாது. அனுபவசாலி பக்கத்தில் ஒரு சுற்று உட்கார்ந்து வந்தால் எங்கே பிரேக் பிடிக்கணும், எங்கே திருப்பணும் என்பது பிடிபட்டுவிடும். அடுத்த மாதம் அவரே சொந்தக் காரோடு வருவார்.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஏன் கெடுபிடி?

டிராக் டே என்றால் கதை வேறு. நிஜமான ரேஸ் டிராக், ஒரே நேரத்தில் பல கார்கள், சக்திவாய்ந்த காராக இருந்தால் நேர்பாதையில் 200 கி.மீ. வேகத்தைத் தாண்டும். இங்கே பல கிளப்கள் பயிற்சியாளரை மட்டுமே உடன் அனுமதிக்கின்றன.

2005 ஜூன் 2-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே ஃபோண்டானாவில் இருந்த கலிஃபோர்னியா ஸ்பீடுவேயில் ஒரு கார் கிளப் நிகழ்ச்சி நடந்தது. போர்ஷே கரேரா ஜிடி கார் ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தபோது, பிட் லேனிலிருந்து இன்னொரு கார் மெதுவாக டிராக்கில் நுழைந்தது. அதைத் தவிர்க்க ஸ்டீயரிங்கைத் திருப்பிய போர்ஷே, கட்டுப்பாடு இழந்து கான்கிரீட் தடுப்பில் மோதியது. ஓட்டியவரும் பக்கத்து சீட்டில் இருந்தவரும் இறந்துபோனார்கள்.

பயணியின் குடும்பம் வழக்குப் போட்டது. 'விபத்து நடந்தால் யார்மீதும் வழக்குத் தொடர மாட்டேன்' என்ற உறுதிமொழிப் படிவம் இருந்தும், 2007-ல் சுமார் 45 லட்சம் டாலருக்கு சமரசம் ஏற்பட்டது. ஓட்டியவரின் சொத்து, டிராக் தரப்பு, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், கார் தயாரிப்பாளர் என்று பலரும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மிக மோசமான அலட்சியத்துக்கு இப்படிப்பட்ட படிவம் கேடயமாகாது என்று சொல்லிவிட்டது. கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. நிகழ்ச்சிக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் பயணி வேண்டாம் என்றால் கிளப்பும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

ஒரே காரில் இரண்டு விதமான பாதுகாப்பா?

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றாது. டிராக்குக்கு வரும் ஆர்வலர் தன் சீட்டுக்கு மட்டும் ரேஸ் சீட், ஆறு முனை ஹார்னஸ் போட்டிருப்பார். பக்கத்து சீட்டில் கம்பெனி கொடுத்த சாதாரண பெல்ட்தான். மோதினால் உடம்பு அசையும் விதமே இருவருக்கும் மாறும். அதனால்தான் போர்ஷே கிளப், பி.எம்.டபிள்யூ. கிளப் போன்றவை இரண்டு சீட்டுக்கும் சமமான பாதுகாப்பு இருக்கணும் என்கின்றன. நியாயமான விதி. ஸ்டீயரிங் கையில் இருப்பவருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, கையில் பிரேக்கும் இல்லை. ராலி போட்டியில் உடன் வருபவராவது வளைவுக் குறிப்பைப் படித்துச் சொல்வார். இங்கே அந்த வேலையும் கிடையாது.

நண்பர் ஏறினால் கார் மாறும், ஓட்டுபவரும் மாறுவார். 1,000 கிலோ காரில் 70 கிலோ கூடினால் பிரேக் பிடிக்கும் இடம் நகரும். கூடவே, 'பார்த்தியா, எப்படி ஓட்டுறேன்' என்ற வீம்பும் எட்டிப்பார்க்கும்.

பயிற்சியாளர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அறிமுகமே இல்லாத ஒருவரின் காரில், அவர் திறமையை நம்பி உட்காருகிறார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் பல கிளப்கள் காருக்குள் பயிற்சி தருவதை நிறுத்தின. பயிற்சியாளர் தனிக் காரில் முன்னால் செல்ல, கற்பவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஒரு வழி உண்டு. சில கிளப்கள் மதிய இடைவேளையில் முன்னால் ஒரு வழிகாட்டி கார் விட்டு, முந்தத் தடை போட்டு, மெதுவாகச் சில சுற்றுகள் அனுமதிக்கின்றன. இதில் மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் ஏறிக்கொள்ளலாம்.