யார் எதை அறிந்து முடிவெடுப்பது: நிறுவல் விதிகளின் நம்பகம்

நிபந்தனைகள் பலவற்றைக் கொடுத்து, இவை அனைத்தையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்று கேட்கும்போது, “முடியும்” என்ற விடையை ஒரு வழியைக் காட்டியே மெய்ப்பித்துவிடலாம். ஆனால் “முடியாது” என்று கணினி சொன்னால், அந்த விடையை ஏற்பதற்கு அடிக்கு அடி சரிபார்க்கத்தக்க ஒரு நிறுவல் வேண்டும். அத்தகைய நிறுவலுக்கான விதிகளின் தொகுப்பே நிறுவல் முறைமை எனப்படும். முடியக்கூடியதை ஒருபோதும் “முடியாது” என்று நிறுவிவிடாமை அதன் நம்பகம். முடியாத ஒவ்வொன்றையும் முடியாதென்று நிறுவ வல்லதாக இருப்பது அதன் நிறைவு.

மெய், பொய் என்ற இரு மதிப்புகளை மட்டும் ஏற்கும் மாறிகளால் ஆனது பூலியன் வாய்பாடு. அதன் மாறிகளுள் சிலவற்றை, இயற்கையோ எதிராளியோ எப்படி வைத்தாலும் சரியென்று எல்லா மதிப்புகளுக்கும் விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் நாம் தேர்ந்துகொள்வதாக அமைத்தால், அது அளவு சுட்டிய பூலியன் வாய்பாடாகிறது. இதில் மாறிகள் ஒரே வரிசையில் நிற்பதால், ஒவ்வொரு தேர்வும் தனக்கு முன்னுள்ள அனைத்தையும் அறிந்தே செய்யப்படுகிறது. இவற்றுக்கென 1995இல் கிளைன பியூனிங், கார்பின்ஸ்கி, ஃப்ளோகல் ஆகியோர் வகுத்த கியூ-ரெசல்யூஷன், நாம் தேர்ந்துகொள்ளும் மாறிகளுள் ஒன்றில் மட்டும் முரண்படும் (ஒன்றில் அது மெய்யாகவும் மற்றதில் பொய்யாகவும் வரும்) இரண்டு கூற்றுகளை இணைத்து, அந்த மாறியை நீக்கிப் புதிய கூற்றைப் பெறுவதை முதன்மை விதியாகக் கொண்ட முறையாகும்.

ஒவ்வொரு தேர்வும் எந்தெந்த மாறிகளை மட்டும் அறியலாம், அதாவது எவற்றைச் சார்ந்திருக்கலாம், என்று தனித்தனியே வரையறுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என இரு பிரிவுகள் இருப்பதாகக் கொள்வோம். காலையில் ஆட்களைப் பிரித்தனுப்பும் பெரட்டுக்களத்தில் நிற்கும் ஒவ்வொரு கணக்கப்பிள்ளையும் தன் மலையில் மழை பெய்கிறதா என்பதை மட்டும் பார்த்து, ஆட்களைக் கொழுந்து பறிக்க அனுப்புவதா, செடிகளைக் கவ்வாத்து வெட்ட அனுப்புவதா என்று முடிவு செய்கிறார். மற்றப் பிரிவின் வானிலையோ முடிவோ அவருக்குத் தெரியாது. இரு மலைகளிலும் மழையென்றால் இரு பிரிவுகளின் வேலையும் வேறுபட வேண்டும், மற்ற நேரங்களில் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது விதி. கீழ்க்கணக்குக்கு அனைத்தும் தெரிந்திருந்தால் இது எளிது. தெரியாதபோது முடியாது. ஏனெனில் எங்கும் மழையில்லாத நாளும், ஒரு மலையில் மட்டும் மழை பெய்யும் இருவகை நாள்களும் சேர்ந்து, மழைக்கும் வெயிலுக்குமாக இருவர் எடுக்கும் நான்கு முடிவுகளையும் ஒன்றாக்கிவிடுகின்றன. பிறகு இரு மலைகளிலும் மழை பெய்யும் நாளில் மட்டும் அவை எவ்வாறு வேறுபடும்?

நான்கே வரிகளில் முடியும் இந்த வாதத்தைக் கியூ-ரெசல்யூஷனால் காட்ட முடிவதில்லை. மேற்சொன்ன விதியை ஆறு கூற்றுகளாக எழுதினால், ஒரு மாறியில் முரண்படும் எந்த இரண்டும் வேறொரு மாறியிலும் முரண்படுகின்றன. அத்தகைய இணைப்பை முறைமை தடுப்பதால் முதல் அடியைக்கூட எடுத்துவைக்க இயலாது. தவறு சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை: இத்தகைய வாய்பாடுகளில் அதற்கு நம்பகம் உண்டு, நிறைவு இல்லை.

தடையைத் தளர்த்தினால் நேர்வது இதைவிடக் கடுமையானது. எல்லா மதிப்புகளுக்கும் விடப்பட்ட மாறியில் எழும் முரணைச் சில வேளைகளில் பொறுத்துக்கொண்டு இணைக்கும் நெடுந்தொலைவு ரெசல்யூஷன், ஒற்றை வரிசையுள்ள வாய்பாடுகளில் நம்பகமானது. அந்தச் சலுகைக்கு நியாயம் தருவதே அவ்வரிசைதான். சார்பு தனித்தனியாக வரையறுக்கப்பட்ட வாய்பாடுகளில் அதே விதி நம்பகத்தை இழந்துவிடுகிறது என்பதை பையர்ஸ்டார்ஃப், ச்யூ, ஷ்மிட், சூடா ஆகியோர் 2016இல் காட்டினர். மாறிகளுக்கு மதிப்பிட்டு விரிக்கும் ஐஆர்-கால்க் என்ற முறைமை அங்கும் நம்பகத்தோடும் நிறைவோடும் நிற்பதை அதே கட்டுரை நிறுவியது. நிறைவின்மை ஒரு மௌனம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நம்பகமின்மையோ பொய்ச் சாட்சி. முழுமையடையாத மின்சுற்றொன்றில் இன்னும் வடிவமைக்கப்படாத பகுதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கம்பிகளை மட்டும் காணும் நிலையை இவ்வாய்பாடுகளே விவரிப்பதால், பொய்யான “முடியாது” ஒன்று நல்ல வடிவமைப்பையே கைவிடச் செய்துவிடும்.

ஒற்றை வரிசையுள்ள வாய்பாடுகளிலும் இந்தக் கவலை உண்டு. லோன்சிங், பீரே ஆகியோரின் டெப்கியூபிஎஃப் போன்ற தீர்வு நிரல்கள், வரிசை காட்டும் சார்புகளுள் உண்மையில் தேவையற்றவற்றைக் கணித்து ஒதுக்கி வேகம் பெறுகின்றன. அவ்வாறு ஒதுக்கிய பின்னும் கியூ-ரெசல்யூஷன் பொய் சொல்லாது என்பது தானாக விளங்குவதன்று. ஒதுக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் அதைத் தனியே நிறுவியாக வேண்டும். வியன்னாவில் ஸ்லிவோவ்ஸ்கியும் ஸைடரும் செய்த பணி இதுவே.

இத்துறையின் முதன்மையான முடிவுகளுள் ஒன்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் நிறுவி, இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மீனா மகாஜன், பையர்ஸ்டார்ஃப், பிளிங்கார்ன் ஆகியோருடன் இணைந்து 2019இல் மெர்ஜ் ரெசல்யூஷன் என்ற முறைமையை முன்வைத்தார். நிறுவலின் ஒவ்வொரு வரியும், எதிராளி எதை அறிந்து எப்படி ஆடுகிறான் என்ற உத்தியைத் தன்னுடனேயே சுமந்து செல்வது இதன் சிறப்பு. அதனால் முன்னைய முறைமைகள் தடுத்த சில இணைப்புகளும் இங்கே பிழையின்றி அனுமதிக்கப்படுகின்றன. தனித்தனிச் சார்புள்ள வாய்பாடுகளுக்கும் இது நம்பகத்தோடும் நிறைவோடும் நீள்கிறது.

இந்தத் தடையை மாணவர்களும் கையால் சோதித்துப் பார்க்கலாம். இலங்கை உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பூலியன் இயற்கணிதம் ஏற்கெனவே இருக்கிறது. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு விதியை ஆறு கூற்றுகளாக எழுதி, முரண்படும் ஒவ்வொரு சோடியும் எங்கே முட்டி நிற்கிறது என்று பார்க்க அதுவே போதும். ஹட்டன், நுவரெலியாப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை இந்தப் பயிற்சிக்கு அழைக்க வேண்டும்.