உங்களுக்குத் தெரியுமா? இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கத்தைப் பாருங்கள்

பிரேக் மிதித்ததும் லாரி இடப்பக்கம் இழுக்கிறதா? பழுது பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரத்தில்தான் இருக்கும். வலது பிரேக் சரியாகப் பிடிக்காதபோது, நன்றாகப் பிடிக்கும் இடது பிரேக் வண்டியைத் தன் பக்கம் திருப்பிவிடும். தேடலை முன் அச்சிலிருந்து தொடங்குங்கள்.

சிலமுறை பிரேக் போட்டு ஓட்டியபின் இருபக்க டிரம்களின் சூட்டையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பாருங்கள். சூடேறாத டிரம் வேலை செய்யவில்லை. கையை வைத்துவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்!

ஏர் பிரேக்கில் 20ஆம் எண் சேம்பரின் டயாபிரம், 100 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தண்டைச் சுமார் 900 கிலோ விசையோடு தள்ளும். டயாபிரம் கிழிந்தாலோ, ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து தண்டு அளவுக்கு மீறி நீண்டாலோ அந்த விசை லைனிங்கை முழுதாக எட்டாது.

ஹப் சீல் கசிந்து எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவி மறுபடி மாட்டுவது பெரிய ஆபத்து. சீலையும் மாற்றி, லைனிங்கை இருபக்கமும் ஜோடியாகவே மாற்றச் சொல்லுங்கள். ஒருபக்கம் மட்டும் புதிதானால் இழுப்பு வேறு பக்கம் தாவும்.

பிரேக் போடாமலே இழுத்தால் டயர் காற்றையும் அலைன்மென்டையும் சோதியுங்கள்.