சபைத் தலைவர் ஆசிரியரானார்

முன்னுரை

நம் துறையில் முதுகலைத் தமிழ் பயில வந்த மாணவர் ஒருவர், அதற்கு முன் திண்டுக்கல் நகரில் விளம்பரப் பலகை எழுதும் கடை நடத்தியவர். ஃபிளெக்ஸ் பதாகைகள் பெருகியபின் தூரிகைத் தொழில் நலிந்தது. கடையை மூடிவிட்டு, ஆசிரியராகும் விருப்புடன் வந்தார். ஒருநாள் அவர், "தொழிலில் தோற்றவன் ஒதுங்கும் இடந்தான் ஆசிரியப் பணி என்று உறவினர்கள் சொல்கிறார்கள், ஐயா. அது உண்மைதானா?" என்று வினவினார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகத்தில் நம்பிக்கைக்குரியவர் எனப் பெயர் பெற்று, நாற்பதாம் அகவையில் மக்களுக்குப் போதிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். இவ்வரலாற்றைப் போற்றும் நம் சமுதாயத்தில் இவ்வினா எழவே வேண்டியதில்லை. எனினும் கலைத்தொழில் நடத்தியவரின் வினா ஆதலின், தமிழ்க் கலையுலகிலிருந்தே ஒரு சான்று காட்ட விழைகின்றோம். அவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

கணக்கரும் கலைஞரும்

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இளமையில் தமிழ் கற்றது நம் மாவட்டத்துப் பழனியில், தண்டபாணி சுவாமிகளிடம். உப்பளத்தில் கணக்கராகச் சில காலம் பணியாற்றி, 1891-இல், தம் 24-ஆம் அகவையில், நாடக உலகில் நுழைந்தார். எமன், சனீசுவரன், இராவணன், இரணியன் ஆகிய வேடங்களில் புகழ் பெற்றார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

நாடக சபை நடத்துதல் எளிய தொழிலன்று. கொட்டகை, திரை, உடை, பயணம், உணவு ஆகிய செலவுகள் நாள்தோறும் உண்டு. வருவாயோ அன்றன்று விற்கும் நுழைவுச் சீட்டைப் பொறுத்தது. புகழ் பெற்ற நடிகர் வராவிடில் கூட்டம் இல்லை. வந்தாலும் எழுதிய பாடத்தை விடுத்து, மேடையில் தத்தம் திறமையைக் காட்ட விடியுமட்டும் தருக்கம் புரிந்தோர் பலர். நாடகத்தை ஒழுங்குக்குள் கொணர விரும்பியவருக்கு இது பெருந்துன்பம் அன்றோ?

வாத்தியார்

சில ஆண்டுகளில் சுவாமிகள், பிறர் நடத்திய பாலர் சபைகளில் ஆசிரியப் பொறுப்பேற்றார். 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் வரவு செலவு பார்க்கும் உரிமையாளர் வேறு. சுவாமிகள் 'வாத்தியார்' மட்டுமே. சபையின் முதலாளி என்னும் பெயர் போயிற்று. ஆனால் அவர் தேடிய ஒழுங்கு அங்கேதான் கிட்டிற்று. சிறுவர்கள் பாடத்தை மனனம் செய்தனர். உச்சரிப்பைத் திருத்தினால் ஏற்றனர். எழுதியதை எழுதியவாறே பேசினர்.

அவ்வாண்டில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அகவை ஆறு. அச்சிறுவன் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் சண்முகம் இதனைப் பதிவு செய்துள்ளார். இதில் ஓர் உண்மை உளது. எவருக்கு எந்த வேடம் பொருந்தும், எந்தப் பாட்டுக்கு அவை அசையும் என்பன ஏட்டில் கற்ற அறிவல்ல. மேடையேறியும் சபை நடத்தியும் பெற்ற அறிவு. தொழில் தந்த பட்டறிவே பாடமுறையாயிற்று.

1921-இல் பக்கவாதம் சுவாமிகளைத் தாக்கியது, பேச்சு நின்றது. பிறருக்குப் பேசக் கற்பித்தவரால் பேச இயலவில்லை. ஆயினும் அவர் எழுதிய சொற்களை மாணவர்கள் மேடைதோறும் பேசிக்கொண்டிருந்தனர். 13.11.1922 அன்று புதுச்சேரியில் அவர் மறைந்தார். மூன்றாண்டுகளில் அம்மாணவர்களாகிய டி.கே.எஸ். சகோதரர்கள் தமக்கென ஒரு சபையை நிறுவினர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம் பகுதிச் சிற்றூர்த் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' இன்றும் விடிய விடிய நடைபெறுகின்றது.

முடிவுரை

அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே: தொழிலை விட்டு ஆசிரியராவோர் சிலவற்றை இழக்கத்தான் செய்வர். வருவாய் குறையலாம், கடையின் பெயர்ப்பலகை இராது. ஒதுங்க இடம் தேடி மட்டும் வருவோரை வகுப்பறை எளிதில் இனங்கண்டுகொள்ளும். கைத்திறனையும் பட்டறிவையும் உடன் கொண்டு வருவோர்க்கோ அது மற்றொரு மேடையாகும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: ஆசிரியரைத் தெரிவு செய்யுங்கால், தொழிலில் கழிந்த ஆண்டுகளை வீணான ஆண்டுகள் எனத் தள்ளிவிடலாகாது.

நம் துறை வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையைக் காண்போர் அதன் எழுத்தழகை வியப்பர். அது அம்மாணவரின் கைவண்ணம். இளநிலை மாணவர் மூவருக்கு இப்போது அவர் தூரிகை பிடிக்கக் கற்பித்து வருகின்றார்.